விசிலுக்குப் பிறகு விழுந்த மிதி

இன்னும் பிறக்காத என் மகனுக்கு, பதினாறு வயதில் உன் அம்மா எழுதுவது.

இதை நீ படிக்கும்போது வளர்ந்து ஆளாகியிருப்பாய். என்னைவிட உயரமாக இருப்பாய். எனக்கு முடி நரைத்திருக்கும், நான் சொல்வதையெல்லாம் அறிவுரை என்று நினைத்து நீ காதில் வாங்காமல் போகிற வயதில் இருப்பாய். இப்போது எனக்கு நீ இல்லை. பதினொன்றாம் வகுப்புக் கணக்கும் வேதியியலும்தான் இருக்கின்றன. உனக்கு ஏன் எழுதுகிறேன் என்றால், இன்றைக்கு உயிரோடு இருக்கிற யாருக்கும் இதை எழுத முடியவில்லை. எனக்குத் தெரிந்த எல்லோரும் இரண்டு ஊர்களில் ஏதோ ஓர் ஊரைச் சேர்ந்தவர்கள். நீ ஒருவன்தான் எந்த ஊரையும் சேராதவன்.

தமிழ்க் கட்டுரை நோட்டில் எழுதுகிறேன். யாராவது பார்த்துவிட்டால் வீட்டுப்பாடம் என்று சொல்வேன். மகனுக்குக் கடிதம் எழுதுவது போல டீச்சர் எழுதிவரச் சொன்னார் என்பேன். கம்பளிக்குள் போன் வெளிச்சத்தை விரலால் பாதி மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பரணில் அப்பா கட்டித் தொங்கவிட்ட பூண்டுக் கட்டுகள் காற்றில் உரசும்போதெல்லாம் யாரோ நடந்து வருவது போலிருக்கிறது. பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் உன் மாமா, என் அண்ணன் செல்வம், படுத்திருக்கிறான். அவனைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். அவன் கெட்டவன் என்று முதலிலேயே நினைத்துவிடாதே. நான் இரண்டாம் வகுப்பு படிக்கும்போது காய்ச்சல் வந்து நினைவு தப்பியது. அன்று பஸ் வரவில்லை. என்னை முதுகில் போட்டுக்கொண்டு, அடுத்த ஊர் நர்ஸ் வீடுவரை அந்த ஏற்றத்தில் ஓடியவன் அவன்தான். அப்போது அவனுக்குப் பதின்மூன்று வயது. வழியெல்லாம் "தூங்காத பாப்பா, தூங்காத" என்று சொல்லிக்கொண்டே ஓடினானாம். அந்தக் குரல் எனக்கு இன்னும் கேட்பது போலிருக்கிறது. அதனால்தான் இதை எழுதுவது இவ்வளவு கஷ்டமாக இருக்கிறது.

எங்கள் ஊர் கொடைக்கானலுக்கு மேலே, பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரம். மலையைப் படிப்படியாக வெட்டிப் பூண்டும் உருளைக்கிழங்கும் போடுகிறோம். சமமான இடம் என்று தேடினால் கிடைக்காது. கபடி ஆடும் அளவுக்கு அகலமான வயல் என் சித்தப்பாவிடம் ஒன்று இருக்கிறது. கோவில் திருவிழாவுக்கு முன்னால் அதில் கிழங்கு எடுத்துவிடுவார்கள். பிறகு பையன்கள் எல்லோரும் வரிசையாக நின்று மண்ணை மிதித்துக் கெட்டியாக்குவார்கள். ஓடைக்கு இந்தப் பக்கம் எங்கள் ஊர், அந்தப் பக்கம் இன்னொரு ஊர். திருவிழாவின் மூன்றாம் நாள் இரண்டு ஊரும் கபடி ஆடும். மற்ற நாட்களில் இரண்டு ஊர்ப் பூண்டும் ஒரே வண்டியில்தான் வடுகபட்டிச் சந்தைக்கு இறங்கும். அந்த ஒரு நாள் மட்டும் எதிரிகள்.

ஆட்டத்துக்கு முன்னால் ஒரு வழக்கம் உண்டு. நீ வளரும் காலத்திலும் அது இருக்கிறதா என்று தெரியவில்லை. இரண்டு அணியும் நடுக்கோட்டில் எதிரெதிரே நின்று, குனிந்து, மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். ஊருக்கு ஒரு பெரியவர் வந்து நின்று சொல்வார்: "களத்துக்குள்ள நடந்தது களத்தோட. வீட்டுக்கும் வராது, ஸ்டேஷனுக்கும் போவாது." எல்லோரும் "போவாது" என்று திருப்பிச் சொல்ல வேண்டும். கைகால் உடைந்தாலும், பல் போனாலும் அந்தச் சொல்தான் கணக்கு. மீறினவர்கள் என்று இதுவரை யாரும் இல்லை. நடுவரும் புள்ளி எழுதுகிறவரும்கூட மண்ணைத் தொட வேண்டும்.

இந்த வருஷம் புள்ளி எழுதியவள் நான். வழக்கமாக எழுதுகிற அண்ணன் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார். நடுவர் என் சித்தப்பா. "கையெழுத்து நல்லாருக்கும், கணக்கும் தப்பாது. எம் மகளே எழுதட்டும்" என்று அவர்தான் சொன்னார். பள்ளிக்கூடத்துக் கரும்பலகையை வாங்கி வந்து எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். கூட்டத்தில் யாரோ, "ஏலே, பொம்பளப்புள்ள புள்ளி போட்டா நம்ம பயலுகளுக்கு ஒண்ணு ரெண்டு சேத்துப் போடுமாலே?" என்று கத்தினார்கள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே குனிந்து மண்ணைத் தொட்டேன். எங்கள் ஊரில் அந்த மண்ணைத் தொட்ட முதல் பெண் நான்தான் என்று அன்று எனக்குப் பெருமையாக இருந்தது.

இனி நான் செய்த தப்பைச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் செய்ததைச் சொல்வது சுலபமாக இருக்கிறது. இதைத்தான் எழுதி எழுதி அடிக்கிறேன்.

பவித்ரா என் வகுப்பு. அந்தப் பக்கத்து ஊர்க்காரி. காலை பஸ்ஸில் நான் முதலில் ஏறுவேன், அடுத்த நிறுத்தத்தில் அவள் ஏறுவாள். அவளுடைய அண்ணன் அழகர்தான் அந்த ஊருக்காகப் பாடிப் போகிறவர்களில் பெரிய ஆட்டக்காரர். போன வருஷம் என் அண்ணனையும் சேர்த்து நான்கு பேரை ஒரே மூச்சில் தொட்டுவிட்டுக் கோட்டுக்குத் திரும்பி, என் அண்ணனைப் பார்த்து மீசையை முறுக்கியவர். அவர் வீட்டில் அவர்தான் எல்லாம். அப்பா இல்லை. உருளைக்கிழங்கு மூட்டையை வயலிலிருந்து ரோட்டுக்குத் தோளில் தூக்கி ஏறுகிறவர் அவர் ஒருவர்தான். ஆட்டத்துக்குப் பத்து நாள் முன்பு பஸ்ஸில் பவித்ரா என் காதில் சொன்னாள்: "யாருகிட்டயும் சொல்லிராதடி. அண்ணன் மூட்டையோட வழுக்கி விழுந்துருச்சு. வலது முட்டி வீங்கிக் கெடக்கு. உள்ளுக்குள்ள கட்டுப் போட்டுக்கிட்டு ஆடுறேங்குது. அம்மா அழுவுது."

நான் யாரிடமும் சொல்லவில்லை. நான்கு நாள். ஐந்தாம் நாள் சாயங்காலம் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பூண்டின் காய்ந்த தாளை அறுத்துக்கொண்டிருந்தோம். அண்ணன், "இந்த வருசம் அழகரு எப்படின்னே தெரியல. பயிற்சிக்கே வெளிய வரலையாம். என்னமோ புதுசாப் பழகுறான் போல" என்றான். அவன் முகத்தில் கவலை தெரிந்தது. எனக்குத் தெரிந்த ஒன்று அவனுக்குத் தெரியவில்லை என்பதை என்னால் தாங்க முடியவில்லை, மகனே. அவ்வளவுதான் காரணம். வேறு எந்தக் காரணமும் இல்லை. "அவங்களுக்கு வலது முட்டி சரியில்லண்ணே. பேண்டுக்குள்ள கட்டுப் போட்டுருக்காங்க" என்றேன். அவன் கத்தியை வைத்துவிட்டு என்னையே பார்த்தான். பிறகு என் தலையில் தட்டி, "அடி, நீ பெரிய ஆளுடி" என்றான். அன்று இரவு எனக்கு மிகவும் சந்தோஷமாக இருந்தது.

ஆட்டத்தின் கடைசி இரண்டு நிமிஷத்தில் இரண்டு ஊரும் சமமாக இருந்தன. மூன்று மணிக்கே பனிமூட்டம் இறங்கிவிட்டது. எதிர்க் கோட்டில் நின்றவர்களின் முகம் எனக்குத் தெரியவில்லை. மேளம், மைக், கூட்டத்தில் விரலை வாயில் வைத்து விசில் அடிக்கிற பையன்கள். கடைசிப் பாட்டுக்கு அழகர் பாடி வந்தார். மூன்று பேர் சேர்ந்து அவரை இடுப்பில் பிடித்துக் கவிழ்த்தார்கள். என்னிடமிருந்து மூன்று எட்டுத் தூரம்கூட இருக்காது. பாட்டு நின்றது. சித்தப்பா விசில் ஊதி எங்கள் பக்கம் கையைத் தூக்கினார். அது எங்கள் புள்ளி. பிடித்த மூன்று பேரும் விட்டுவிட்டு எழுந்து குதித்தார்கள். நான் சாக்பீஸைப் பலகைக்குக் கொண்டுபோனேன். அழகர் குப்புறக் கிடந்தபடியே கையை ஊன்றி எழப் பார்த்தார். அப்போது மூலையில் நின்ற என் அண்ணன் நடந்து வந்தான். ஓடி வரவில்லை, நடந்துதான் வந்தான். குதிகாலால் அவருடைய வலது முட்டியின் பக்கவாட்டில் ஒரு மிதி மிதித்தான்.

அந்தச் சத்தத்தைப் பற்றி உனக்கு எழுத மாட்டேன்.

அதன் பிறகு நான் செய்ததைக் கேள். பலகையில் எங்கள் பக்கம் ஒரு புள்ளி போட்டேன். கை அதுவாகவே போட்டது. நாங்கள் ஜெயித்திருந்தோம். மிதிப்பதற்கு முன்பே ஜெயித்திருந்தோம். அந்த மிதிக்காகப் பலகையில் எழுத ஒன்றுமே இல்லை.

அழகரை மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். முட்டிக்குள் இரண்டு இடத்தில் கிழிந்து போயிருக்கிறதாம். நடக்கலாமாம். மூட்டை தூக்கி மலை ஏறுவது இனி நடக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். பவித்ராவின் அம்மா மறுநாளே தனியாகப் பஸ் ஏறிப்போய்ப் போலீசில் புகார் கொடுத்தார். மண்ணைத் தொட்டுவிட்டு ஸ்டேஷனுக்குப் போன முதல் வீடு அது. "மண்ணத் தொட்டது எம் மகன். நான் தொடல" என்று சொன்னாராம். அவர்கள் ஊரிலேயே பாதிப் பேர் அந்த வீட்டோடு பேசுவதில்லை. வண்டிக்காரர் அவர்களுடைய பூண்டு மூட்டையை ஏற்ற மாட்டேன் என்றுவிட்டார்.

நேற்று பெண் எஸ்.ஐ. ஒருவர் எங்கள் ஊருக்கு வந்தார். சித்தப்பா வீட்டு வாசலில் நாற்காலி போட்டார்கள். ஆண்கள் எல்லோரும் சுற்றி நின்றார்கள். நான் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்றேன்.

"வெளையாட்டுல அடிபடுறது சகஜம்தானுங்க மேடம்," என்றார் சித்தப்பா. "கபடியில அடியே படக்கூடாதுன்னா அப்புறம் கேரம்போர்டுதான் ஆடணும்."

யாரோ சிரித்தார்கள். எஸ்.ஐ.யும் லேசாகச் சிரித்தார். "நானும் ஸ்டேட் லெவல் கபடிதான் சார். ரெண்டு விரல் இன்னமும் மடங்காது. பிடிக்கும்போது ஒடிஞ்சது. அதுக்கு நான் கேசு குடுக்கல." கையை விரித்துக் காட்டினார். "வெளையாட வந்தவன் அடிவாங்கச் சம்மதிச்சுத்தான் வர்றான். முட்டிய ஒடச்சுக்கிட்டுப் போறதுக்குமா சம்மதிச்சான்?"

"ஒடைக்கணும்னு யாருங்க ஒடைப்பா? வேகத்துல பட்டுப்போச்சு."

"சரி. விசிலுக்கு முன்னாலயா, பின்னாலயா?"

ஆண்கள் எல்லோரும் சித்தப்பாவைப் பார்த்தார்கள். போன்களில் எடுத்த வீடியோக்களில் மூட்டம்தான் தெரிகிறது. சத்தத்தில் பத்து விசில் கேட்கிறது. எது நடுவருடையது, எது பையன்களுடையது என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

"முன்னாலதான்," என்றார் சித்தப்பா. "பட்டதுக்கப்புறம்தான் நான் ஊதுனேன்."

எஸ்.ஐ. எழுதிக்கொண்டார். "பக்கத்துல புள்ளி போட்டது யாரு?" என்று கேட்டார். எல்லோரும் திரும்பி என் அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா அசையாமல் நின்றார். நான்தான் முதுகுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தேன். எஸ்.ஐ. என் பெயரைக் கேட்டார், வகுப்பைக் கேட்டார். "பயப்படாத. இங்க வேணாம். வெள்ளிக்கெழமை ஒங்க ஸ்கூல்ல, டீச்சரப் பக்கத்துல வச்சுப் பேசிக்கலாம்" என்றார். போகும்போது அண்ணனைப் பார்த்து, "நீங்கதான் போலீஸ் எழுத்துத் தேர்வு பாஸ் பண்ணுனவரா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அடுத்த மாசம் அவனுக்கு ஓட்டமும் கயிறு ஏறுவதும் இருக்கின்றன. இரண்டு வருஷமாகத் தினமும் வெள்ளனே எழுந்து பஸ் வளைவு வரைக்கும் ஓடுகிறான். போனில் நேரம் பார்த்துச் சொல்வது நான்தான். வழக்கு என்று ஒன்று பதிவானால் அந்த வேலை கிடைக்காது என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

நாளைதான் வெள்ளிக்கிழமை.

அம்மா இன்று முழுவதும் என்னை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சோறு போடும்போது, "ஒனக்குன்னு கூடப் பொறந்தவன் ஒருத்தன்தான் தாயி. நாளப் பின்ன ஒனக்கு ஒண்ணுன்னா அவன்தான் வந்து நிக்கணும்" என்றார். அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணனுக்குப் பதினான்கு வயதில் இதே களத்தில் யாரோ முழங்கையால் இடித்து முன்பல் விழுந்தது. அன்று அப்பா அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊரைச் சுற்றி வந்தார். "எம் மகன் அழுகவே இல்ல பாத்தியா" என்று ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று சொன்னார். வாயில் ரத்தத்தோடு அண்ணன் சிரித்தான். நானும் கூடவே ஓடினேன். இடித்தவனைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்று யாராவது கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன். அப்பாவும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாரோ என்னவோ, சாப்பிடாமல் கை கழுவிவிட்டார்.

சாயங்காலம் குடத்தை எடுத்துக்கொண்டு, வயலுக்குப் போகும் தண்ணீர்க் குழாயை அடைக்க ஓடைக்குப் போனபோது அண்ணன் பின்னாலேயே வந்தான்.

"பயமாருக்கா?" என்றான்.

"ம்."

"எனக்குந்தான்." கல்லின்மேல் உட்கார்ந்துகொண்டான். ஐந்து நாளில் முகம் ஒட்டிப்போயிருந்தது. அவன் பயப்பட்டு நான் பார்த்ததில்லை. அதைப் பார்த்ததும் எனக்கு இன்னும் அதிகமாகப் பயம் வந்தது.

"நீ விசிலு கேட்டியாண்ணே?"

"காதுக்குக் கேட்டுச்சு. காலுக்குக் கேக்கல" என்றான்.

அந்த இடத்தில் நான் அவனைக் கட்டிக்கொண்டு அழுதிருப்பேன், மகனே. அவன் சொன்னதை நம்பவும் விரும்பினேன். ஆனால் அவன் நடந்து வந்ததை நான் பார்த்திருக்கிறேன். வாய் தானாகக் கேட்டுவிட்டது: "அப்ப ஏண்ணே வலது முட்டி?"

அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். கோபமே இல்லை. "நீதானடி சொன்ன?"

பிறகு குழாயை அவனே அடைத்தான். "பாப்பா, நீ சொன்னத நான் யாருகிட்டயும் சொல்லல. எங்கயும் சொல்லவும் மாட்டேன். பவித்ராவுக்குத் தெரியவே தெரியாது. நீயும் அதே மாதிரி எனக்கு ஒரே ஒரு வார்த்த சொல்லு. விசிலுக்கு முன்னாலன்னு சொல்லு. அதோட அம்புட்டுதான். வெரசா வா, இருட்டுது." குடத்தை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தான். வழக்கம் போல முள்செடியைக் காலால் ஒதுக்கி எனக்கு வழி விட்டுக்கொண்டே போனான். என்னை மிரட்டவில்லை. அவன் மிரட்டியிருந்தால் எனக்கு இவ்வளவு பயம் இருந்திருக்காது.

இப்போது உனக்கு என் பயம் புரிகிறதா? நாளைக்கு நான் "முன்னால" என்று சொன்னால் எல்லோருக்கும் நல்லது. அண்ணன் போலீஸ் ஆவான். சித்தப்பா சொன்னது பொய்யாகாது. பவித்ரா எதுவும் தெரியாமல் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு வருவாள், என்னோடு சேர்ந்து அழுவாள், ஆறுதலாக அவள் தலையில் நான் கை வைக்கலாம். அதைத்தான் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

"பின்னால" என்று சொன்னால் நான் உண்மையைச் சொன்னவளாகிவிடுவேன் என்று நேற்று ராத்திரி வரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தேன். ஓடையிலிருந்து திரும்பியதிலிருந்து அதுவும் பாதிதான் என்று தோன்றுகிறது. இரண்டு ஊரும் அந்த ஒரு விசிலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கின்றன. விசிலுக்கு முன்னால் என்றால் விளையாட்டு, பின்னால் என்றால் குற்றம் என்கிறார்கள். சித்தப்பா ஒரு நொடி தாமதமாக ஊதியிருந்தால்? அப்போதும் அண்ணன் அந்த முட்டியைத் தேடித்தான் வந்திருப்பான். எந்த முட்டி என்று ஆட்டத்துக்கு ஆறு நாள் முன்பே அவனுக்குத் தெரியும். பிடிக்கும்போது எஸ்.ஐ.யின் விரலை ஒடித்தவருக்கு அவரைப் பிடிக்க வேண்டும் என்பதுதான் எண்ணம். விரல் நடுவில் வந்துவிட்டது. அண்ணனுக்குப் பிடிக்க ஆளே இல்லை. ஆளை ஏற்கெனவே பிடித்தாயிற்று. பெருமாள்மலைக் கடைத்தெருவில் ஒருவன் கீழே விழுந்து கிடக்கும்போது இன்னொருவன் நடந்து வந்து முட்டியில் மிதித்தால் எல்லோரும் அவனைப் பிடித்து வைத்துப் போலீசைக் கூப்பிடுவார்கள். சுண்ணாம்புக் கோட்டுக்குள் மிதித்தால் மட்டும் அது எப்படி வேறாகும்? மண்ணைத் தொட்டது காரணமா? தொடும்போது நாங்கள் எல்லோரும் அடிபடுவதைத்தான் நினைத்தோம். அடிப்பதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. அழகர் அந்த முட்டியில் கட்டுப் போட்டுக்கொண்டு குனிந்து மண்ணைத் தொட்டபோது, அந்தக் கட்டு இருப்பது எதிரே நிற்கிறவனுக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நானும் பக்கத்தில் குனிந்துதானே தொட்டேன்.

எதிர்ப்பேச்சும் எனக்கே தோன்றுகிறது. ஒவ்வொரு அடிக்கும் வழக்கு என்றால் நாளைக்கு எவன் இறங்கி ஆடுவான்? பயந்து பயந்து பிடித்தால் அது ஆட்டமா? அண்ணனைப் போன்ற பையன்களுக்கு இந்த மலையில் வேறு என்ன இருக்கிறது? அதுவும் நியாயம்தான். எங்கே கோடு போடுவது என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. இந்த ஒரு மிதி அந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் என்பது மட்டும் தெரியும்.

நீ விளையாடு, மகனே. கபடியோ, பந்தோ, எதுவாக இருந்தாலும் இறங்கி விளையாடு. அடிபட்டு வந்தால் மஞ்சள் பற்றுப் போடுகிறேன். உன்னைத் தோளில் வைத்து ஊரைச் சுற்ற மாட்டேன். உன்னால் ஒருவனுக்கு அடிபட்டால் அவனைப் பார்க்க அன்றைக்கே போ, நானும் கூட வருகிறேன். யாருக்கு எங்கே வலிக்கிறது என்பது உனக்கு எப்போதாவது தெரிய வந்தால், அதை விட்டுத் தள்ளி நின்று ஆடு. அதனால் தோற்றுப்போனால் தோற்றுப்போ. இதையெல்லாம் இன்றைக்குச் சொல்வது சுலபம். நீ ஒரு நாள் முகம் ஒட்டிப்போய் என் முன்னால் வந்து நின்றால் நானும் என் அம்மா போலத்தான் பேசுவேனோ என்று பயமாக இருக்கிறது. "எம் மகன்" என்பேன். "வேகத்துல பட்டுப்போச்சு" என்பேன். அப்போது இந்த நோட்டை எடுத்து என் முன்னால் போடு.

நாளைக்கு பவித்ரா பள்ளிக்கு வருகிறாள். அவளையும் எஸ்.ஐ. வரச் சொல்லியிருக்கிறார். காலை பஸ்ஸில் அவளுடைய நிறுத்தத்திலிருந்து பள்ளிவரை நாற்பது நிமிஷம். எஸ்.ஐ.யிடம் சொல்வதற்கு முன்னால் அவளிடம் சொல்ல வேண்டும். என்னால் முடிந்ததெல்லாம் யோசித்துப் பார்த்துவிட்டேன், வேறு வரிசை சரியாக வரவில்லை. அவள் என்னைப் பஸ்ஸிலேயே அடிக்கலாம். இறங்கிப் போய்விடலாம். ஒன்றும் சொல்லாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ளலாம், எனக்கு அதுதான் ரொம்பப் பயம். வீட்டுக்குத் திரும்பி வரும்போது எப்படி இருக்கும் என்பதை நினைக்கவே இல்லை. நினைத்தால் போக மாட்டேன்.

வாயைத் திறந்தால் சத்தம் வருமா என்று சந்தேகமாக இருந்தது. அதனால் கம்பளிக்குள்ளேயே சொல்லிப் பார்த்தேன். "ஒங்க அண்ணன் முட்டியப் பத்தி எங்க அண்ணன்கிட்டச் சொன்னது நான்தான் பவி." மூன்று தடவை உதடு மட்டும் அசைந்தது. நான்காவது தடவை சத்தம் வந்துவிட்டது. நான் நினைத்ததைவிடப் பெரிதாக வந்துவிட்டது.

தடுப்புக்கு அந்தப் பக்கம் கட்டில் கிரீச்சிட்டது.

"யாருகிட்டடி பேசுற?"

போனை அணைத்தேன். வீட்டுப்பாடம் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது.

"யாருகிட்டயும் இல்லண்ணே. நாளைக்குச் சொல்லப்போறதச் சொல்லிப் பாத்தேன்."

பூண்டுக் கட்டுகள் உரசுவது மட்டும் கேட்டது. அப்புறம் மெதுவாக, அம்மா எழுந்துவிடாதபடி, "எதச் சொல்லப்போற?" என்று கேட்டான்.

"ரெண்டையும். முட்டியப் பத்தி நான் சொன்னதையும், விசிலுக்குப் பின்னால நீ மிதிச்சதையும்."

இதை எழுத மறுபடியும் போன் வெளிச்சத்தைப் போட்டிருக்கிறேன். வெளிச்சத்தை மூடவில்லை, பலகை இடுக்கு வழியாக அவன் பக்கமும் அது விழுந்துகொண்டிருக்கும். அவன் இன்னும் படுக்கவில்லை. எழுந்து உட்கார்ந்திருக்கிறான், மூச்சு விடுவது கேட்கிறது. வருவானா, மாட்டானா என்று தெரியவில்லை. எழுத்து கோணலாகப் போகிறது, பொறுத்துக்கொள். நான் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

உன் அம்மா.